தமிழ்வழித் தொடக்கப்பள்ளி டீச்சருக்கு ஆங்கிலத்தில் என்ன பயிற்சி வேண்டும்? கண்டறியும் வழி, படிப்படியாக

கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி பக்கத்துத் தமிழ்வழி எல்.பி. (தொடக்கப்) பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் உண்டு. அதைச் சொல்லிக்கொடுப்பவர் தனி ஆங்கில ஆசிரியர் அல்ல. கணக்கும் தமிழும் எடுக்கும் அதே வகுப்பு டீச்சர்தான். அவருக்கு ஆங்கிலத்தில் என்ன பயிற்சி தேவை என்று கண்டறியும் பொறுப்பு, எஸ்.ஆர்.ஜி. (பள்ளி ஆசிரியர்கள் கூடித் திட்டமிடும் குழு) கன்வீனர் என்ற முறையிலோ கிளஸ்டர் (பக்கத்துப் பள்ளிகளின் தொகுப்பு) வேலையாகவோ, முதல்முறை உங்கள் கைக்கு வந்திருந்தால் இது உங்களுக்கு.

வேலையின் வரிசை இதுதான்: முதலில் குழந்தை, அடுத்து வகுப்பு, பிறகு டீச்சரின் சொந்த ஆங்கிலம், பிறகு அவரோடு பேச்சு. எழுத்து வேலை எல்லாம் அதற்கும் பின்னால். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எடுத்தவுடன் கேள்வித்தாள் அச்சடிக்கிறார்கள்.

நானும் முதல் வருஷம் அப்படித்தான் செய்தேன். 14 பேருக்குப் படிவம் கொடுத்தேன். பெரும்பாலோர் ‘டி.எல்.எம். தயாரிப்பு’, அதாவது கற்றல் உபகரணம் செய்வது, என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க சார்ட் வெட்டினோம், ஒட்டினோம். கிறிஸ்துமஸ் பரீட்சை வந்தபோது வகுப்புச் சுவரெல்லாம் சார்ட் இருந்தது. பிள்ளைகளின் வாசிப்பு ஜூனில் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த டீச்சர்களின் ஒரு சனிக்கிழமையை வீணாக்கியது நான் கேட்ட கேள்விதான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

காலம்: ஓணம் விடுமுறை முடிந்ததிலிருந்து நவம்பர் நடு வரை. ஜூன், ஜூலையில் சேர்க்கையும் கணக்கெடுப்பும் டீச்சர்களை விடாது. டிசம்பரில் பரீட்சை. ஜனவரிக்குப் பிறகு ஆண்டுவிழா, நாலாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப் தேர்வுக்கான தயாரிப்பு. இடையில் கிடைக்கும் இந்தச் சில வாரங்கள்தான் வகுப்பு அதன் இயல்பில் நடக்கும் காலம்.

அளவு: ஐந்தாறு பள்ளிகள், பத்துப் பன்னிரண்டு டீச்சர்கள். அதற்கு மேல் எடுத்தால் ஒவ்வொருவரையும் இரண்டு முறை பார்க்க முடியாது. ஒரே முறை பார்த்ததை வைத்து முடிவெடுக்கக் கூடாது. காரணம் மூன்றாம் படியில் வரும்.

வாக்குறுதி: யார் பெயரும் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கோ ஹெச்.எம். மேசைக்கோ போகாது என்று முதல் நாளே சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது. குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண் போட்டு, அந்தப் பக்கத்தை டீச்சரிடமே காட்டுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒருமுறை மனதில் பட்டுவிட்டால் பிறகு உண்மையான பாடத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

சாமான்: ஒரு நீளக் குறிப்பேடு, ஒரு போன், நாலு விரல் அகலக் காகிதத் துண்டுகள். அவ்வளவுதான்.

2. குழந்தை வாசிப்பதைக் கேளுங்கள்

மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலும் இரண்டிலும் இன்னும் எழுத்து ஊன்றியிருக்காது. நாலில் தேர்வுப் பயிற்சி உண்மை நிலையை மூடிவிடும். பிள்ளைகளை டீச்சர் தேர்ந்தெடுக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு மூன்றாவது பெயராக எடுத்து ஐந்து பேரை வெளித்திண்ணைக்கு அழைத்து வாருங்கள்.

பாடப்புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லாதீர்கள். இதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வடகரைப்பதிப் பக்கம் ஒரு பெண் பிள்ளை தங்குதடையின்றி வாசித்தாள். நான் படத்தைக் கையால் மறைத்தேன், குரல் நின்றுவிட்டது. பக்கத்தைத் திருப்பினேன், முந்தைய பக்கத்தின் வரியைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் ஏமாற்றவில்லை. அவளுக்கு வாசிப்பு என்று காட்டப்பட்டது அதுதான்: ‘சி-ஏ-டி, கேட், கேட்னா பூனை’ என்று கூட்டமாகச் சொல்வது.

ஆகவே பாடத்தில் வந்த சொற்களையே கலைத்துப் போட்டுப் புதிதாக இரண்டு வாக்கியம் எழுதிக்கொண்டு போங்கள். கூடவே பத்துத் தனிச் சொற்கள். அவற்றில் இரண்டு, எழுத்துக் கூட்டினால் வரக்கூடிய ஆனால் பாடத்தில் இல்லாத சொற்களாக இருக்கட்டும். கடைசியில் வாயால் ஒரு கட்டளை: பையைத் திற, பென்சிலை எடு, என்னிடம் கொடு என்பதை ஆங்கிலத்தில், கையசைக்காமல். கையசைத்தால் பிள்ளை கையைப் புரிந்துகொள்ளும், மொழியை அல்ல.

மதிப்பெண் போடாதீர்கள். பிழையின் வகையை எழுதுங்கள். முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறதா? எழுத்தின் பெயர் தெரிந்து ஒலி தெரியவில்லையா? சொல்லை வாசித்தும் பொருள் தெரியவில்லையா? காதால் கேட்டால் புரிகிறதா? பத்துக்கு நாலு என்ற எண்ணை வைத்து எந்தப் பயிற்சியும் திட்டமிட முடியாது. ‘ஐந்தில் நாலு பேருக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது’ என்றால் பயிற்சியின் தலைப்பே கிடைத்துவிட்டது.

3. வகுப்பில் உட்காருங்கள், இரண்டு முறை

கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்காருங்கள். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முதல் முறை பார்ப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அன்று டீச்சர் உங்களுக்காக ஒரு பாடம் வைத்திருப்பார். புதுப் பொம்மை வரும், பாட்டு வரும். நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பத்து நாள் கழித்துப் போகும்போதுதான் வழக்கமான திங்கட்கிழமைப் பாடம் நடக்கும்.

டிக் அடிக்கும் பட்டியல் வேண்டாம். ‘கற்றல் உபகரணம் பயன்படுத்தினாரா: ஆம் / இல்லை’ என்பதால் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, அந்தக் கணத்தில் யார் எந்த மொழியில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு குறி போடுங்கள். 40 நிமிஷத்துக்கு 20 குறி. ஆறு வகை போதும்: டீச்சர் தமிழில், டீச்சர் ஆங்கிலத்தில், வகுப்பு முழுதும் கூட்டமாகத் திருப்பிச் சொல்வது, ஒரு பிள்ளை தனியாக ஆங்கிலத்தில், பலகையைப் பார்த்து எழுதுவது, மற்றவை.

உதாரணத்துக்கு, தமிழ் விளக்கம் 9, கூட்டக் குரல் 5, எழுதுவது 4, டீச்சர் ஆங்கிலம் 2, தனிப் பிள்ளை 0 என்று ஒரு தாள் வந்தால், ஒரு பிள்ளை கூட அந்தப் பாடத்தில் ஆங்கிலத்தில் சொந்தமாக வாய் திறக்கவில்லை என்று பொருள். இதை நீங்கள் டீச்சரிடம் சொல்ல வேண்டியதில்லை. தாளைக் கொடுங்கள். அவரே பார்ப்பார்.

தமிழில் விளக்குவதைக் குறையாக எழுதாதீர்கள். பிள்ளைக்கு வீட்டிலும் வயலிலும் தமிழ், பஸ் போர்டில் மலையாளம். ஆங்கிலம் அவர்கள் காதில் விழுவதே இந்த ஒரு அறையில்தான். தமிழ் அங்கே ஒரு கைப்பிடி. கவனிக்க வேண்டியது, தமிழில் சொன்ன பிறகு மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்புகிறாரா என்பதை மட்டும்.

4. டீச்சரின் சொந்த ஆங்கிலம்

எந்தப் படிவத்திலும் வராத தேவை இது. மற்ற எல்லாத் தேவைகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

கேரளப் பாடத்திட்டத்தில் ஆங்கிலப் பாடம் எழுத்திலிருந்து தொடங்காது. டீச்சர் ஒரு கதையை ஆங்கிலத்தில் சொல்லி, நடித்துக் காட்டி, பிள்ளைகளோடு பேசி, அதிலிருந்து வாக்கியத்துக்கும் சொல்லுக்கும் வர வேண்டும். நல்ல முறை. ஆனால் அது டீச்சரின் வாயை நம்பி நிற்கிறது. புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று நிமிஷம் ஆங்கிலத்தில் கதை சொல்ல வராத டீச்சர் என்ன செய்வார்? கதையைத் தமிழில் சொல்லிவிட்டு, சொற்களைப் பலகையில் எழுதிப்போடுவார். மூன்றாம் படியில் கிடைத்த தாளின் காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கிறது.

ஒரு பள்ளியில் வகுப்பு முடிந்து திண்ணையில் நின்றபோது, 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ள டீச்சர் ஒருவர் சொன்னார்: “ஃபார்ம்ல சார்ட்டுனு எழுதிப்போட்டனுங்க டீச்சர். நெசமா வேணுங்கறது பேசறதுக்குத்தான். அதெப்புடிங்க எழுதிக் குடுக்கறது?” அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் படிவத்தில் தொடங்குவதை விட்டுவிட்டேன்.

எப்படிக் கண்டறிவது? தேர்வு வைக்காதீர்கள், எல்லோர் முன்னாலும் பேசச் சொல்லாதீர்கள். ஒரு படத்தைக் கொடுத்து, வீட்டில் தனியாக இரண்டு நிமிஷம் அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசித் தன் போனிலேயே பதிவுசெய்யச் சொல்லுங்கள். பதிவு உங்களுக்கு வர வேண்டாம். அவரே கேட்டு, ‘என்னால் முடியும் / தயாரித்தால் முடியும் / இப்போது முடியாது’ என்று கீழ்க்கண்டவற்றுக்குக் குறி போடட்டும்:

புத்தகம் பார்க்காமல் மூன்றாம் வகுப்புக் கதை ஒன்றை ஆங்கிலத்தில் சொல்வது. ஒரே கட்டளையை மூன்று விதமாகச் சொல்வது. பிள்ளை எதிர்பாராமல் தமிழில் கேட்டதை எளிய ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது. சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் காட்டுவது. ஆசிரியர் கையேட்டின் ஆங்கிலப் பக்கத்தை வாசித்து அதன்படி பாடம் நடத்துவது.

ஐந்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் நாளைக்கு வகுப்பில் செய்கிற ஒரு காரியமாக இருக்க வேண்டும். ‘ஆங்கிலத் திறன்: நன்று / சுமார்’ என்று கேட்டால் பயந்தவர் சுமார் என்பார், கூச்சப்பட்டவரும் சுமார் என்பார்.

ஒலியைத் தனியாகப் பாருங்கள். தமிழ்வழி டீச்சருக்கு இங்கே இருக்கும் சிக்கல் மலையாளவழி டீச்சருக்கு இல்லை. மட்டை, கெட்டது, அட்டை, தட்டிக்கொடுப்பது ஆகிய நாலுக்குமான ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் நாலும் ‘பேட்’ தான். ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்தும் பதினாறாவது எழுத்தும் தமிழில் ‘பி’. நாலாவதும் இருபதாவதும் ‘டி’. பிள்ளைகள் நோட்டில் ஆங்கிலச் சொல்லின் மேல் சின்னதாகத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். அந்தக் கணமே வேறுபாடு அழிந்துபோகிறது.

மலையாளத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. அதனால் பயிற்சியாளர் மலையாள எழுத்தைக் காட்டி ஒரு நிமிஷத்தில் கடந்துபோவார். தமிழ்வழி டீச்சர் தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்.

ஆனால் இந்த ஒலிகள் நம் வாயில் இல்லாமல் இல்லை. ‘கம்பு’ சொல்லுங்கள், ‘கப்பல்’ சொல்லுங்கள். ‘வண்டி’, ‘வட்டி’. ‘சங்கு’, ‘சக்கை’. தொண்டையில் விரலை வைத்துச் சொன்னால், மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் அதிரும்; இரட்டித்த வல்லினம் அதிராது. ஒலி இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. சொல்லின் முதலில் எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம்தான் புதிது.

இன்னொன்று, காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துத் தமிழில் ‘பல்’ என்று சொல்லுங்கள். தாள் அநேகமாக அசையாது. ஆங்கிலத்தில் பேனாவின் பெயரைச் சொல்லும்போது தாள் பறக்க வேண்டும். டீச்சரால் தாளைப் பறக்கவைக்க முடிகிறதா என்பதே சோதனை. இதைச் சேர்ந்து செய்யும்போது யாருக்கும் கூச்சம் வருவதில்லை, ஏனென்றால் அங்கே ஆங்கிலம் பேசச் சொல்லவில்லை, காகிதத்தை அசைக்கத்தான் சொல்கிறீர்கள்.

சொல்லின் கடைசியில் உகரம் சேர்வது, முதலில் இகரம் சேர்வது, ‘புக்கு’, ‘இஸ்கூல்’ என்பவற்றை ஒரு வரியில் குறித்துக்கொண்டு மேலே போங்கள். பிள்ளை சொல்வது மற்றவருக்குப் புரியும். அதைத் திருத்துவதில் முதல் வருஷத்தைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

5. உட்கார்ந்து பேசுங்கள்

அரை மணி நேரம், ஒருவரோடு ஒருவராக, தமிழில். இப்போதுதான் பேசலாம், ஏனென்றால் இப்போது உங்கள் இருவர் முன்னாலும் பிள்ளையின் பிழைத்தாளும் 20 குறி போட்ட தாளும் இருக்கின்றன. பேச்சு அவற்றைச் சுற்றி நடக்கும், டீச்சரின் தகுதியைச் சுற்றி அல்ல.

‘என்ன பயிற்சி வேணும்?’ என்று கேட்காதீர்கள். கேட்டால், முன்பு பெற்ற பயிற்சியின் பெயர்தான் பதிலாக வரும். போன வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பக்கம் நகரவில்லை? அப்போது என்ன செய்தீர்கள்? பிள்ளை கேட்டு உங்களுக்கு விடை தெரியாமல் போனது எது? கையேட்டில் எந்தச் செயல்பாட்டை விட்டுவிட்டுத் தாண்டினீர்கள்? தாண்டிய செயல்பாடுகளின் பட்டியல் மட்டும் பன்னிரண்டு டீச்சர்களிடமிருந்து கிடைத்தால், உங்கள் வேலையில் பாதி முடிந்தது. பாடப்புத்தகங்கள் 2024இல் 1, 3 வகுப்புகளுக்கும் 2025இல் 2, 4 வகுப்புகளுக்கும் மாறியிருப்பதால், பழைய புத்தகத்தை நினைத்துச் சொல்கிறாரா புதியதையா என்று பக்க எண்ணோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பயிற்சியால் தீராததைப் பிரித்து வையுங்கள்

கிடைத்தவற்றை மூன்று குவியலாக்குங்கள்: பயிற்சியால் தீர்வது, பொருளால் தீர்வது, நிர்வாகம் தீர்க்க வேண்டியது.

பெற்றோர் அறுவடைக்கோ சூளைக்கோ போனதால் பிள்ளை மூன்று வாரம் வரவில்லை என்றால், அதற்கு டீச்சருக்கு ஒலிப்பயிற்சி கொடுத்துப் பயனில்லை. இரண்டு வகுப்பை ஒருவரே பார்ப்பது பாதி நிர்வாகம், பாதி பயிற்சி: ஆளைத் தருவது மேலிடத்தின் வேலை; ஆள் வரும்வரை இரண்டு வகுப்பையும் ஒரே கதையில் உட்காரவைப்பது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை.

பயிற்சியின் மொழியை மூன்றாம் குவியலில் முதல் வரியாக எழுதுங்கள். மலையாளத்தில் நடந்த ஒருநாள் பயிற்சியில் நான் இருந்திருக்கிறேன். கேட்டால் எங்களுக்குப் புரியும். ஆனால் குழுவாகப் பேசி எழுதச் சொன்னபோது தமிழ்வழி டீச்சர்கள் எல்லோரும் ஒரே மேசையில் மௌனமாக இருந்தோம். ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுப்பது பற்றி மூன்றாவது மொழி ஒன்றில் யோசிக்கச் சொல்வது அது. தமிழ் பேசும் பயிற்சியாளர் ஒருவர், அல்லது குறைந்தது தமிழில் ஒரு கைத்தாள், இது சலுகை அல்ல. இல்லாவிட்டால் பயிற்சி நடக்கவில்லை என்றே பொருள்.

7. இரண்டை மட்டும் எடுங்கள்

பட்டியலில் எட்டுப் பத்துத் தேவை இருக்கும். இரண்டுக்கு மேல் எடுத்தால் எல்லாமே ஒரு நாள் உரையாகிவிடும்.

பிள்ளையின் பிழைத்தாளிலும் டீச்சரின் தாளிலும் ஒன்றாகத் தெரிவது எதுவோ அது முதலில். மற்றொன்றுக்கு அடிப்படையாக இருப்பது அதற்கு முன்னால். டீச்சரின் காதில் இரண்டு ஒலியும் பிரியாத வரை, பிள்ளைக்கு ஒலிவழி வாசிப்புப் பயிற்சி தருவது நிற்காது. எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒலி முதலிலும் வகுப்பறைப் பேச்சு இரண்டாவதாகவும் வந்தது. சார்ட்டும் பொம்மையும் கடைசி. சொல்ல வாய் வந்துவிட்டால் வேப்பங்குச்சியும் உபகரணமாகிவிடும்.

8. கோரிக்கையை எழுதுவது

பி.ஆர்.சி.க்கோ (வட்டார வள மையம்) டயட்டுக்கோ (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) எழுதும்போது, ‘ஆங்கிலத்தில் பயிற்சி தேவை’ என்று எழுதினால் ஏற்கனவே தயாராக இருக்கும் ஒன்று வந்து இறங்கும். இப்படி எழுதுங்கள்: “ஆறு பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் கேட்ட 30 பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எழுத்தின் பெயர் தெரிகிறது, ஒலி தெரியவில்லை. சொல்லின் முதலில் வரும் அதிரும் ஒலியையும் அதிராத ஒலியையும் பிரித்துக் காட்ட 12 டீச்சர்களுக்குப் பயிற்சி வேண்டும். தமிழில் வேண்டும். ஒன்றரை மணி நேரமாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாலு முறை.” எண் உங்கள் குறிப்பேட்டில் உள்ளபடி இருக்கட்டும்.

நேரத்தை ஏன் துண்டாக்கிக் கேட்கிறோம்? 2020 தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சி என்று சொல்கிறது. அந்த அளவை நாளாக்கினால் எட்டு நாளுக்குக் கொஞ்சம் கூட. ஆனால் வாய்ப்பழக்கம் எட்டு நாள் உட்கார்ந்தால் வராது. இன்று கற்றதை நாளை வகுப்பில் செய்து, எங்கே இடறியது என்று அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். அதற்கு இடைவெளி வேண்டும்.

இடத்தையும் எழுதுங்கள். பாலக்காடு மாவட்டத்தின் டயட் இருப்பது ஆனக்கரையில், மாவட்டத்தின் மேற்கு ஓரம். நாம் கிழக்கு ஓரம். மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கவலையோடு உட்காருபவர் மூன்று மணிக்கே பையை மடியில் வைத்துக்கொள்வார். ஆகவே நம் பள்ளிகளில் ஒன்றில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

கிளஸ்டருக்கு ஒருவரையாவது நீண்ட பயிற்சிக்கு அனுப்பப் பாருங்கள். பெங்களூரு ஞானபாரதியில் உள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் தென்மாநில ஆசிரியர்களுக்கு 30 நாள் சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. வீட்டில் சிறு பிள்ளை உள்ளவரால் போக முடியாது. அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். போய் வருபவரிடம் புறப்படும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: திரும்பி வந்ததும் மாதம் ஒரு மாலை நமக்காக.

9. பயிற்சிக்குப் பிறகு

டீச்சரிடம் பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது என்பார். விருந்து வைத்தவரிடம் சோறு சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஆறு வாரம் கழித்து அதே ஐந்து பிள்ளைகளைத் திண்ணைக்கு அழையுங்கள். வாக்கியங்கள் புதிதாக, சொற்கள் பழையனவாக. வகுப்பில் உட்கார்ந்து மறுபடி 20 குறி போடுங்கள். ‘தனிப் பிள்ளை ஆங்கிலத்தில்’ என்ற கட்டம் 0 விலிருந்து 2 ஆகியிருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. மாறவே இல்லையென்றால், டீச்சரைக் கேட்கும் முன் ஏழாம் படிக்குத் திரும்பிப் போய், எடுத்த தேவை சரிதானா என்று பாருங்கள். இருமுறை நான் எடுத்ததே தவறாக இருந்தது.

இரண்டு தாள்களையும், பெயர் இல்லாமல், குறிப்பேட்டிலேயே ஒட்டிவிடுங்கள். ஜூனில் இடமாற்றம் வரும். நீங்கள் போய் வேறொருவர் வருவார். குறிப்பேடு உங்கள் பையில் போகக் கூடாது. பள்ளி பீரோவில் எஸ்.ஆர்.ஜி. மினிட்ஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று அடுத்தவருக்குப் போனில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.